தொள்ளாயிரம் மாணவரா, முப்பத்தாறு வகுப்புகளா?



ஒரே பாடத்தைப் பல பள்ளிகளில் பல ஆசிரியர்கள் பல முறைகளில் கற்பிக்கிறார்கள். ஆண்டு முடிந்ததும் மதிப்பெண்கள் வருகின்றன. உடனே எல்லாரும், "எந்த முறை சிறந்தது?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். இந்தக் கேள்விக்கு முன்னால் கேட்கப்பட வேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது. "கற்பிக்கும் முறை என்ற ஒன்றினால், ஒட்டுமொத்தமாகப் பார்க்கும்போது, ஏதேனும் வேறுபாடு விளைந்திருக்கிறதா? அல்லது நம் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு தற்செயலாக வரக்கூடியதுதானா?" என்பதே அக்கேள்வி. முதல் கேள்விக்கு விடை காணாமல் இரண்டாவதற்குத் தாவுவது, நெல் விளைந்ததா என்று பாராமல் களத்திலே மரக்காலோடு நிற்பதைப் போன்றது.

இந்த ஒட்டுமொத்தச் சோதனையை எப்படிச் செய்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள். புள்ளியியலார் இதனை 'நேரியல் கலப்பு மாதிரியம்' என்னும் தலைப்பில் வைத்துப் பேசுகிறார்கள். பெயரைக் கேட்டு நேயர்கள் வானொலிப் பெட்டியைத் திருப்பிவிட வேண்டாம். நான்காம் வகுப்புக் கணக்கு அறிந்தவர்கள் இதன் உட்கருத்தைப் பின்தொடரலாம். பென்சிலும் காகிதமும் அருகில் இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் நடந்த ஒரு வரலாற்றைச் சொல்லுகிறேன். 1967ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிளவுடன் குழுவின் அறிக்கை வெளிவந்தது. குழந்தை தன் ஆர்வத்தின் வழியே கற்க வேண்டும் என்னும் கொள்கைக்கு அவ்வறிக்கை பெரும் ஆதரவு தந்தது. பல தொடக்கப் பள்ளிகளில் பழைய கட்டுப்பாடுகள் தளர்ந்தன. இதை வரவேற்றவர்களும் இருந்தார்கள், கலங்கியவர்களும் இருந்தார்கள். இந்நிலையில் 1976இல், லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நெவில் பென்னெட் என்பவர் கற்பிக்கும் பாணிகளையும் மாணவர் முன்னேற்றத்தையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஆசிரியர்களைக் கட்டுப்பாடான முறையினர், கலப்பு முறையினர், தளர்ந்த முறையினர் என மூவகையாக அவர் பிரித்தார். நாற்பதுக்கும் குறைவான ஆசிரியர்கள். அவர்களிடம் பயின்ற ஏறத்தாழ ஆயிரம் மாணவர்கள். தொடக்கப் பள்ளியின் கடைசி ஆண்டுக்கு முன்னும் பின்னும் வாசிப்பு, கணக்கு, ஆங்கிலம் ஆகியவற்றில் தேர்வு வைத்து, முன்னேற்றத்தை அளந்தார். கட்டுப்பாடான முறையில் பயின்றவர்களே பொதுவாக மேலாக முன்னேறியிருக்கிறார்கள் என்பது நூலின் முடிவு.

நாடெங்கும் இது செய்தியாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் பிரதமர் காலகன் ஆக்ஸ்ஃபோர்டு ரஸ்கின் கல்லூரியில் கல்வியைப் பற்றிப் பேசிய பேச்சு பெரும் விவாதத்துக்கு வித்திட்டது. அந்தச் சூழ்நிலையில் இப்படியொரு நூலுக்கு எவ்வளவு வேகம் இருந்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். தாம் முன்பே நம்பியதை ஓர் எண் உறுதிப்படுத்துகிறது என்றால், அந்த எண்ணின் பூர்வோத்திரத்தை விசாரிப்பவர் சிலரே.

விசாரித்தவர்கள் இருந்தார்கள். 1981இல் மர்ரே ஐட்கின், ஆண்டர்சன், ஹைண்ட் ஆகிய மூவரும் அதே விவரங்களை மறுபடியும் எடுத்து ஆராய்ந்தனர். ஆசிரியர்களை வகைப்படுத்திய விதத்தையும் அவர்கள் சீர்செய்தார்கள், அது தனிக்கதை. நமக்கு வேண்டியது வேறொன்று. மாணவர்கள் வகுப்பு வகுப்பாகச் சேர்ந்திருக்கிறார்கள் என்பதைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, மூன்று முறைகளுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு நிற்கவில்லை. அதே ஆண்டில் ஐட்கினோடும் ஹெஸ்கெத்தோடும் சேர்ந்து பென்னெட் அவர்களே அந்த மறு ஆய்வை ஒரு கல்வி உளவியல் இதழில் வெளியிட்டார். தம் நூலின் பெரும்புகழ் பெற்ற முடிவைத் திரும்பவும் சோதிப்பதற்குத் தம் கையையும் கொடுத்த ஆராய்ச்சியாளரை நாம் வணங்க வேண்டும்.

விவரங்கள் ஒன்றே, மதிப்பெண்களும் அவையே. பின் முடிவு மட்டும் ஏன் மாறியது?

ஒரு வகுப்பில் 25 பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கொள்வோம். அவர்கள் 25 தனித்தனிச் சாட்சிகளா? அல்லர். ஒரே ஆசிரியர், ஒரே அறை, ஒரே பாடவேளை, அந்த ஆண்டில் வந்த ஒரே அம்மை நோய், ஒரே ஊரின் வறுமை அல்லது செழுமை ஆகிய யாவும் அந்த 25 பேரையும் ஒருங்கே தூக்குகின்றன, அல்லது தாழ்த்துகின்றன. தலைமையாசிரியராக இருந்தவர் எவரும் இதை அறிவர். இரு பிரிவுகளுக்கும் ஒரே பாடநூல், ஒரே வினாத்தாள் தந்தாலும், 'அ' பிரிவு ஒருவிதமாகவும் 'ஆ' பிரிவு வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். அதற்குக் காரணம் கற்பிக்கும் முறை அன்று. அந்த ஆசிரியர் என்னும் மனிதர். பென்னெட்டின் நூலிலேயே இதற்குச் சான்று உண்டு. மிகுந்த முன்னேற்றம் காட்டிய வகுப்புகளுள் ஒன்று தளர்ந்த முறையில் நடத்தப்பட்ட வகுப்பு. அதை அவர் தனியே எடுத்து விவரித்திருக்கிறார்.

ஆகவே முறையின் விளைவை அளக்கப் புகும்போது, ஒரே முறையைக் கையாளும் வகுப்புகள் தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதே அளவுகோல். மாணவனுக்கும் மாணவனுக்கும் உள்ள வேறுபாடு இதற்கு அளவுகோல் ஆகாது. தொள்ளாயிரம் பேரைத் தொள்ளாயிரம் தனிச் சாட்சிகளாக எண்ணினால், ஒரே வாய்மொழியை இருபத்தைந்து முறை பதிவு செய்துவிட்டு இருபத்தைந்து பேர் சொன்னதாக எழுதும் கதைதான்.

இந்த உண்மை கல்வித்துறையில் தோன்றியதன்று, வயலில் தோன்றியது. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்னும் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1843 முதல் உரச் சோதனைகள் நடந்து வந்தன. 1919இல் ரொனால்டு பிஷர் அங்கே வந்து சேர்ந்தார். 1923இல் அவரும் மெக்கன்சியும் பன்னிரண்டு வகை உருளைக்கிழங்குகளைப் பற்றிய சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு வகை. பாத்தியினுள் தனித்தனி வரிசைகளுக்குப் பொட்டாஷ் உரம் வெவ்வேறாக இடப்பட்டது. வகை பாத்திக்கு உரியது. பொட்டாஷ் வரிசைக்கு உரியது. முதற்கணக்கில் இவ்விரண்டும் ஒரே பிழையளவைக் கொண்டு சோதிக்கப்பட்டன. 1925இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில் பிஷர் அதே சோதனையை மீண்டும் எடுத்து, பாத்திக்கு ஒரு பிழையளவு, வரிசைக்கு ஒரு பிழையளவு என்று பிரித்துக் காட்டினார். பாத்தியின் இடத்தில் வகுப்பையும், வரிசையின் இடத்தில் மாணவனையும் வைத்துப் பாருங்கள். லங்காஸ்டர் விவகாரம் முழுவதும் அந்தக் கிழங்கு வயலிலேயே விளைந்திருந்தது! அரை நூற்றாண்டுக்குப் பின் கல்வியாராய்ச்சி அதைத் தோண்டி எடுத்துக்கொண்டது.

இனி ஒரு சிறு கணக்கு. எண்கள் விளக்கத்திற்காக நான் அமைத்துக்கொண்டவை. மூன்று முறைகள், முறைக்கு 12 வகுப்புகள், ஆக 36 வகுப்புகள். வகுப்புக்கு 25 பேர். ஆக 900 மாணவர்கள். மூன்று முறைகளின் சராசரி மதிப்பெண்கள் 52, 50, 48. ஒரே வகுப்புக்குள் மாணவர்களிடையே உள்ள பரவற்படி 80. பரவற்படி என்பது சராசரியிலிருந்து விலகும் அளவுகளை வர்க்கப்படுத்திச் சராசரி கண்டது. ஒரே முறையைக் கையாளும் வகுப்புகளுக்கிடையே உள்ள பரவற்படி 20. இரண்டும் சேர்ந்து 100.

பொதுச் சராசரி 50. விலகல்கள் 2, 0, கழித்தல் 2. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 8. மூன்று சராசரிகளுக்குக் கட்டின்மைக் கூறுகள் இரண்டு. ஆகவே 8ஐ 2ஆல் வகுக்க 4.

முதலில் வகுப்புகளை மறந்துவிட்டுச் செய்வோம். முறைக்கு 300 மாணவர்கள். 300ஐ 4ஆல் பெருக்க 1,200. இதை மாணவர் பரவற்படியாகிய 100ஆல் வகுக்க 12 கிடைக்கிறது. முறைக்கு ஒரு விளைவும் இல்லையென்றால் இந்த விகிதம் 1ஐ ஒட்டி நிற்க வேண்டும். 3ஐத் தாண்டினாலே நூற்றுக்கு ஐந்து என்னும் வழக்கமான வரம்பைக் கடந்துவிடும். 12 என்பதோ தற்செயலாக இலட்சத்தில் ஒரு முறைகூட வராத எண். பத்திரிகைக்குத் தலைப்புச் செய்தி ஆயிற்று.

இப்பொழுது வகுப்புகளை நினைவில் வைத்துச் செய்வோம். ஒரு வகுப்புச் சராசரியின் பரவற்படி என்ன? வகுப்புக்கு உரிய 20. அதனுடன் மாணவர்க்கு உரிய 80ஐ 25ஆல் வகுத்த 3.2, மொத்தம் 23.2. முறைக்கு 12 வகுப்புகள். 12ஐ 4ஆல் பெருக்க 48. 48ஐ 23.2ஆல் வகுக்க 2.07. கட்டின்மைக் கூறுகள் மேலே 2, கீழே 33. இதற்குரிய வரம்பு ஏறத்தாழ 3.28. நம் எண் அதைத் தொடவில்லை. முறையால் விளைவே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய விகிதம் நூற்றுக்குப் பதினான்கு தடவை வரக்கூடும்.

ஒன்றைக் கவனியுங்கள். வரம்பு 3இலிருந்து 3.28க்குத்தான் நகர்ந்தது, அது பெரிதன்று. விகிதம் 12இலிருந்து 2.07க்கு இறங்கியதே பெரிது. 12ஐ 2.07ஆல் வகுத்தால் 5.8 வரும். கூறெடுப்பு அறிஞர் லெஸ்லி கிஷ் 1965இல் எழுதிய நூலினால் பரவிய ஒரு வாய்பாடு இதையே சொல்கிறது. ஒரு வகுப்பு மாணவர்களின் ஒற்றுமை 100இல் 20, அதாவது 0.2. வகுப்பின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, அந்த ஒற்றுமையால் பெருக்கி, ஒன்று கூட்டு: 24ஐ 0.2ஆல் பெருக்க 4.8, ஒன்று கூட்ட 5.8. தொள்ளாயிரம் மாணவர்களை 5.8ஆல் வகுத்தால் 155. இந்தக் கேள்வியைப் பொறுத்தமட்டில் நம்மிடம் உள்ள சாட்சிகள் 155 பேருக்கே சமம். ஒற்றுமை அறவே இல்லையென்றால் 900. ஒற்றுமை முழுமையானால் 36. உண்மை இவ்விரு கரைகளுக்கும் இடையே ஓடுகிறது.

இதைப் பொதுவாக்கியதுதான் கலப்பு மாதிரியம். ஒரு மாணவனின் மதிப்பெண்ணைச் சில கூறுகளின் கூட்டலாக எழுதுகிறோம். கற்பிக்கும் முறை, முன்தேர்வு மதிப்பெண் முதலியவை நிலையான கூறுகள். அவற்றின் அளவையே நாம் அறிய விரும்புகிறோம். வகுப்பு என்பது தற்செயற் கூறு. அந்த 36 ஆசிரியர்களும் ஒரு பெருந்திரளிலிருந்து வந்த மாதிரிகள். எஞ்சியது மாணவனுக்கே உரிய மிச்சம். நிலையானதும் தற்செயலானதும் கலந்திருப்பதால் கலப்பு என்ற பெயர். நம் கணக்கில் எல்லா வகுப்பிலும் 25 பேர் என்று வசதியாக வைத்துக்கொண்டோம். உலகில் அப்படி அமைவதில்லை. ஒரு வகுப்பில் 19, மற்றொன்றில் 34. சிலர் தேர்வன்று வராதவர். அத்தகைய விவரங்களையும் ஏற்றுக்கொள்வதே இம்மாதிரியத்தின் வலிமை.

ஒட்டுமொத்தச் சோதனைக்கு இப்போது வருவோம். மாதிரியம் முழுவதும் பொருளுடையதா என்று அறிய, முறை அடங்கிய பெரிய மாதிரியத்தை, முறை இல்லாத சிறிய மாதிரியத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் நம் விவரங்களுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்று அளந்து, வேறுபாட்டைக் காண்கிறோம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சிறிய மாதிரியத்தில் எதை விடுவது? முறையை மட்டும் விட வேண்டும், வகுப்பை விடக்கூடாது. முறையையும் வகுப்பையும் ஒருசேர நீக்கிவிட்டு, வெறும் பொதுச் சராசரியோடு ஒப்பிட்டால், "பெரிய மாதிரியம் மிகமிகப் பொருளுடையது" என்ற விடைதான் பெரும்பாலும் வரும். அந்தப் பெருமை வகுப்புகளுக்கு உரியதாக இருக்கலாம். முறைக்கு அதில் காசளவும் பங்கு இல்லாமல் போகலாம். ஒட்டுமொத்தம் என்ற சொல் இங்கே ஏமாற்றுச் சொல். எதன் ஒட்டுமொத்தம் என்று கேட்காமல் விடையை வாங்கிக்கொள்ளக் கூடாது.

மூன்று முறைகளையும் இரண்டிரண்டாக எடுத்து மூன்று தனிச் சோதனைகள் செய்வதும் இதற்கு ஈடாகாது. முயற்சிகள் பெருகப் பெருகத் தற்செயலாக ஒன்று தேறிவிடும் வாய்ப்பும் பெருகும். ஆகவேதான் இரண்டு கட்டின்மைக் கூறுகளையும் ஒரே சோதனையில் சேர்த்துப் பார்ப்பது.

பொருத்தத்தை அளப்பதற்கு நிகழ்தகவு வழி வந்த மீப்பெரு சாத்திய முறை உண்டு. அதிலே ஒரு திருத்தம் 1971இல் பாட்டர்சன், தாம்சன் என்போரால் வந்தது. நிலையான கூறுகளை முதலில் நீக்கிவிட்டு, மிச்சத்திலிருந்து பரவற்படிகளை மதிப்பிடுவது அது. பரவற்படிகளை அறிய அது சிறந்த வழி. ஆனால் நிலையான கூறுகள் வேறுபடும் இரண்டு மாதிரியங்களை அந்த அளவையால் ஒப்பிடக் கூடாது. ஒவ்வொன்றிலும் நீக்கியது வேறு. ஆதலால் மிச்சமும் வேறு. ஒரு துணியைக் கெஜத்தாலும் மற்றொன்றை முழத்தாலும் அளந்து நீளம் ஒப்பிட்டவாறு முடியும். அவ்வொப்பீட்டுக்குத் திருத்தாத பழைய முறையே உரியது.

அந்தப் பழைய முறைக்கும் ஒரு குறை உண்டு. 1938இல் வில்க்ஸ் நிறுவியபடி, பொருத்த வேறுபாட்டைக் கை வர்க்க அட்டவணையில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் அது எண்ணிக்கை மிகப் பெரிதாக இருக்கும்போதுதான் சரி. இங்கே எண்ணிக்கை என்பது மாணவர் தொகையன்று, வகுப்புத் தொகை. நம் கணக்கையே அவ்வழியில் செய்தால் 4.25 கிடைக்கும், அதற்குரிய வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டு. சரியான விடை பதினான்கு அல்லவா? அட்டவணை சற்றே தாராளம் காட்டுகிறது. 36 வகுப்புகள் இருக்கையில் இது சிறு பிசகு. எட்டோ பத்தோ வகுப்புகள்தாம் என்றால் பெரும் பிசகாகிவிடும்.

பின், எல்லாவற்றுக்கும் முன்சொன்ன விகிதத்தையே கொள்ளலாமே என்றால், வகுப்புகள் சமமாக இல்லாதபோது கீழேயுள்ள கட்டின்மைக் கூறுகள் எத்தனை என்பதே விளங்காமல் போகிறது. 33 என்று நாம் எளிதில் சொன்னது சம அமைப்பின் தயவு. கலப்பு மாதிரியங்களுக்கென ஒரு சிறந்த கணிப்பொறி நிரலை ஆக்கிய டக்ளஸ் பேட்ஸ், 2006இல், இந்தக் காரணத்தாலேயே அந்த வாய்ப்பு எண்ணைத் தம் நிரல் அச்சிடாது என்று எழுதினார். எண்ணை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றந்தான். எனினும் அறியாத ஒன்றை அச்சிட மறுத்த அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. சாட்டர்த்வெயிட் 1946இல் தந்த தோராயமும், கென்வர்டு, ரோஜர் இருவரும் 1997இல் தந்த திருத்தமும் இன்று பெரும்பாலான தேவைகளுக்குப் போதுகின்றன. அதிலும் ஐயமிருந்தால், முறைக்கு விளைவில்லை என்று வைத்துக்கொண்டு, அதே அமைப்பில் ஆயிரம் தடவை பொய் மதிப்பெண்களைக் கணிப்பொறியால் உண்டாக்கி, நம் எண் அவற்றிடையே எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். அட்டவணை ஏதும் வேண்டியதில்லை. பொறுமையும் மின்சாரமும் போதும்.

வகுப்பு என்னும் தற்செயற் கூறு உண்டா இல்லையா என்பதையே சோதிக்க விரும்புவோருக்கு ஒரு சொல். பரவற்படி பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது. ஆதலால் நாம் சோதிக்கும் இடம் வேலியோரமாக இருக்கிறது. அப்போது, வகுப்பு ஒன்றே தற்செயற் கூறாயின், வழக்கமான அட்டவணை தரும் வாய்ப்பைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். ஆனால், வகுப்புகளாகவே விவரம் திரட்டப்பட்டிருக்கும்போது, இச்சோதனையில் தேறவில்லை என்பதற்காக வகுப்பைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வகுப்பு இருப்பது அட்டவணையால் அன்று, பள்ளிக்கூடத்தால்.

இன்னொரு ஐயம் எழும். 1981இன் மறு ஆய்வு, மூன்று முறைகளும் சமம் என்று நிறுவிவிட்டதா? இல்லை. வேறுபாடு உண்டு என்று உறுதிப்படவில்லை, அவ்வளவே. நம் சிறு கணக்கிலும் 52க்கும் 48க்கும் இடையே 4 மதிப்பெண் இருக்கத்தான் செய்கிறது. அது முறையால் வந்ததா, அந்தந்தப் பன்னிரண்டு ஆசிரியர்களால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல நம்மிடம் உள்ள சாட்சி போதவில்லை.

சாட்சியைப் பெருக்க என்ன செய்யலாம்? மாணவர் தொகையை 1,800 ஆக்குவதாக வைத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு வழிகள். அதே 36 வகுப்புகளில் வகுப்புக்கு 50 பேராக எடுத்தால், வகுப்புச் சராசரியின் பரவற்படி 20உம் 1.6உம் சேர்ந்து 21.6. 48ஐ இதனால் வகுக்க 2.22, முன்பிருந்த 2.07இலிருந்து சிறிதே அசைந்திருக்கிறது. மற்றொரு வழி, வகுப்புக்கு 25 பேராகவே வைத்து 72 வகுப்புகளுக்குப் போவது. அப்போதும் சராசரிகள் 52, 50, 48 என்றே வந்தால், 24ஐ 4ஆல் பெருக்க 96, அதை 23.2ஆல் வகுக்க 4.14. வரம்பு 3.13. சோதனை தேறிவிடுகிறது. மாணவர் தொகை இரண்டிலும் ஒன்றே. வினாத்தாள் அச்சடிக்கும் செலவும் ஒன்றே. மேலும் 36 ஆசிரியர்களைத் தேடிப் போய், அவர்கள் சம்மதம் பெற்று, ஓராண்டு முழுவதும் அவர்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க ஆள் அமர்த்துவதற்குத்தான் தனியே பணம் வேண்டும்.